ஆறுக்கு ஆறு, நடுவிலை உன்ரை அப்பா

லா சப்பல், பாரிஸ்
17.03.1985

அன்பு மகள் சிசிலியாவுக்கு,

மாதாவின்ரை புண்ணியத்திலை இஞ்சை நாங்கள் ரண்டு பேரும் எழும்பி நடமாடுறம். அப்பாவுக்கு மூக்கடைச்சுத் தடிமன், எனக்குக் கோபம், மற்றும்படி சுகம். அங்கை மொன்றியல் குளிருக்குள்ளை நீயும் மருமகனும் வயித்திலை இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு செபமாலையிலும் கேக்கிறன். போன கடிதத்திலை நீ, பெரியப்பா ஏன் வீட்டுப்பக்கம் வாறேல்லை, அப்பா ஏன் ரெலிபோனிலை ஓம் ஓம் எண்டு மட்டும் சொல்லுறார் எண்டு கேட்டிருந்தாய். அதைத்தான் எழுதப் போறன், ஆறுதலா இருந்து வாசி.

எங்கட நலன்புரிச் சங்கம் மூண்டு வருசத்துக்கு முன்னம் பாரிசிலை இருக்கிற மற்றச் சங்கங்களோடை சேந்து ஒரு ஒன்றியத்துக்குள்ளை போனது உனக்குத் தெரியும். ஒற்றுமை எண்டு சொல்லித்தான் போனவை. போனபிறகு எங்கட நத்தார் ஒளிவிழா எண்டைக்கு எண்டும் ஒன்றியம்தான் சொல்லும், மேடையிலை ஆர் முதல் கதைக்கிறது எண்டும் ஒன்றியம்தான் சொல்லும். முந்தின நத்தாருக்கு எங்களுக்கு விட்ட நேரம் காலமை எட்டரை மணி, பூசைக்குப் போறதோ நத்தார் தாத்தாவைப் பாக்கிறதோ எண்டு சனம் தவிச்சுப் போச்சு. அதாலை ஒக்டோபரிலை பொதுக்கூட்டம் கூட்டி வாக்கெடுத்தம். ஒன்றியத்தை விட்டு வெளியிலை வருவம் எண்டு எழுபத்தினாலு பேர், வேண்டாம் எண்டு ஐம்பத்திரண்டு பேர். அலுவல் முடிஞ்சுது எண்டு நாங்களும் வீட்டை வந்திட்டம். அங்கைதான் பிழை விட்டம், வெளியிலை வாற வேலையை நிர்வாகசபையின்ரை கையிலை குடுத்திட்டம்.

நிர்வாகசபையிலை பதின்மூண்டு பேர். தலைவர் உன்ரை பெரியப்பா நீக்கிலாஸ், அவரோடை அஞ்சு பேர், உடனை வெளியேறவேணும் எண்டு நிக்கினம். செயலாளர் குகதாசன் அண்ணை, அவரோடையும் அஞ்சு பேர், சனம் விளங்காமல் வாக்குப் போட்டிட்டுது, திரும்பக் கேக்கவேணும் எண்டு நிக்கினம். பதின்மூண்டாவது ஆள் உன்ரை அப்பா மடுத்தீன். பெரியப்பா கூடப்பிறந்த தமையன், குகதாசன் அண்ணை ஒபர்வில்லியே சாமான் கிட்டங்கியிலை அப்பாவுக்கு வேலை எடுத்துக் குடுத்தவர், இண்டைக்கும் அங்கை அப்பாவுக்கு மேலாள் அவர்தான். அதாலை கை உயர்த்தச் சொல்லுற நேரமெல்லாம் அப்பா பேனையின்ரை மூடியைக் கழட்டிப் பூட்டிக்கொண்டு தான் நடுநிலை எண்டு சொல்லிப்போடுவார். ஒன்பது கூட்டம், ஒன்பதிலும் ஆறுக்கு ஆறு. தேத்தண்ணி ஊத்தினது நான், எனக்குத் தெரியாதே? ஒரு கூட்டம் முழுக்க வெளியேறுதல் எண்டு எழுதிறதோ விலகுதல் எண்டு எழுதிறதோ எண்டு ரண்டரை மணித்தியாலம் கதைச்சினம். ஒருத்தர் எழும்பி, வெளியேறுவம் ஆனால் ஒன்றியத்தின்ரை கூட்டங்களுக்கு வழமைபோலை போவம் எண்டார். இன்னொருத்தர் வெளியேற ஒன்றியத்திட்டையே அனுமதி கேப்பம் எண்டார். பெப்ரவரி பிறக்க ரேடியோவிலை சொன்னாங்கள், கிறீன்லாந்து எண்ட பனித்தீவு ஐரோப்பியப் பொதுச்சந்தையை விட்டு வெளியிலை வந்திட்டுதாம், மூண்டு வருசத்துக்கு முன்னம் சனம் வாக்குப் போட்டதாம், இப்ப அலுவல் சரியாம். ஒரு பெரிய தீவே கழண்டு போச்சு, எங்கட பதின்மூண்டு கதிரையாலை முடியேல்லை. கடையிலை மீன் வாங்க நிக்கிற சனம் என்னைக் கண்டால் சிரிக்குது. மெற்றோக் கதவுக்குள்ளை நிண்டுகொண்டு தானும் இறங்காமல் மற்றவனையும் இறங்கவிடாத ஆக்கள் எண்டு, வரிசையிலை நிண்ட எங்கட சங்கத்துக் கலாவதி எனக்குக் கேக்கத்தான் சொன்னவள். நான் என்னத்தைச் சொல்ல, என்ரை மனிசன்தானே அந்தக் கதவுக்கு நடுவிலை.

சிரிச்சுக்கொண்டே இருந்திருக்கலாம், கோசலையின்ரை அலுவல் வராட்டி. கோசலை மன்னார்ப் பிள்ளை, வந்து ஏழு மாசம், பொண்டியிலை ஆரோ ஒரு வீட்டு அறையிலை மூண்டு பெட்டையளோடை படுக்கிறாள், அவளின்ரை மூண்டு வயதுக் குழந்தை அம்மம்மாவோடை ஊரிலை. அறைக்கு வாடகைக் காகிதம் இல்லாதபடியால் கடிதங்கள் சங்கத்தின்ரை முகவரிக்குத்தான் வரும். அகதிக் காகிதம் எடுக்கப் போகேக்கை, ஓம் இந்தப் பிள்ளைக்கு எங்கட முகவரியிலைதான் கடிதம் வாறது எண்டு தலைவரும் செயலாளரும் கையெழுத்து வைச்ச ஒரு துண்டு வேணும். அப்பாதான் அதை ரைப் அடிச்சார். சங்கத்துக் கடிதத் தாளின்ரை தலைப்பிலை ஒன்றியத்தின்ரை பேர் இருக்கு. அந்தப் பேருக்குக் கீழை கையெழுத்து வைக்கமாட்டன் எண்டார் பெரியப்பா. அந்தப் பேர் இல்லாத வெறுந்தாளிலை வைக்கமாட்டன் எண்டார் குகதாசன் அண்ணை. கூட்டத்திலை வைச்சு முடிவெடுப்பம் எண்டினம், ஆறுக்கு ஆறு. பெப்ரவரி பன்னிரண்டு அவளுக்குத் தந்த நாள், துண்டில்லாமல் போனாள், துண்டைக் கொண்டு வா எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். பின்னேரம் நேரை எங்கட வீட்டை வந்தாள், சப்பாத்தெல்லாம் பனித்தண்ணி. அழேல்லை. அப்பாவைப் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டவள்.

"அண்ணை, நீங்கள் எந்தப் பக்கம் கை தூக்கியிருந்தாலும் எனக்குத் துண்டு கிடைச்சிருக்கும், என்ன?"

குற்றமாய்க் கேக்கேல்லை பிள்ளை, அறியத்தான் கேட்டவள். அப்பா அண்டைக்குச் சாப்பிடேல்லை. முப்பது வருசமாய் நான் கத்திக் கத்தி அந்த மனிசனுக்குள்ளை இறங்காதது அவளின்ரை ஒரு வசனத்திலை இறங்கிப்போட்டுது.

மார்ச் மூண்டு, ஞாயிற்றுக்கிழமை, பத்தாவது கூட்டம். கேள்விப்பட்டு அங்கத்தவர் சனமும் வந்து வாசலடியிலை நிண்டுது. முதல் அலுவல், ஒன்பதாவது கூட்டத்திலை ஒரு முடிவும் எடுக்கேல்லை எண்ட அறிக்கையை ஏற்கிறதோ விடுறதோ எண்டது. அப்பா எழும்பினார். பேனையின்ரை மூடியைப் பூட்டிச் சட்டைப்பையிலை வைச்சார்.

"இண்டைக்கு நான் கை உயர்த்திறன், வெளியேறுறதுக்கு. ஒன்றியத்தை விட்டில்லை, உங்களை விட்டு."

சொல்லிப்போட்டு, தான் இரவலாய்க் குடுத்து வைச்சிருந்த ரைப் மெசினைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வாசலிலை நிண்ட சனம் வழி விட்டுது, கலாவதிதான் கதவைப் பிடிச்சவள். நானும் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னாலை வந்திட்டன், அவையள் பச்சைத்தண்ணி குடிக்கட்டும். அந்தப் பாரத்தோடை குளிருக்குள்ளாலை நடந்து நாலு மாடி ஏறினதிலை பிடிச்ச தடிமன்தான் இது, இன்னும் விடேல்லை. இப்ப சனிக்கிழமைகளிலை சனம் எங்கட குசினிக்கு வருது, அப்பா அவையின்ரை கடிதங்களை ரைப் அடிக்கிறார். கோசலைக்கு எங்கட கோயில் சுவாமியார் தன்ரை முகவரியைக் குடுத்து, நிண்ட நிலையிலையே கையெழுத்து வைச்சுத் தந்தவர். போன கிழமை சங்கத்திலை இருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம், அவரின்ரை விலகலை ஏற்கிறதோ எண்டு வாக்கெடுத்தவையாம், ஆறுக்கு ஆறாம், அதாலை அவர் இன்னும் விலகேல்லையாம். அடுத்த கூட்டத்துக்குத் தேத்தண்ணி வழமைபோலை நானாம்.

பெரியப்பா கோயிலிலை கண்டாலும் மற்றப் பக்கம் பாக்கிறார். அது அப்பாவுக்கு நெஞ்சுக்குள்ளை குத்துது, சொல்லமாட்டார். குகதாசன் அண்ணை வேலையிலை ஏதும் செய்வாரோ எண்டு நான் பயந்தனான். கோசலைக்குப் புதுநாள் வாற இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை. அவளோடை போக அப்பா அரைநாள் லீவு கேக்க, குகதாசன் அண்ணை தாளை வாங்கி மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைச்சுக் குடுத்து, குடை கொண்டு போங்கோ மடுத்தீன், மழை எண்டு சொல்லியிருக்கினம் எண்டவராம். கூட்டம் இல்லாத இடத்திலை எல்லாரும் மனிசர்தான்.

நீ இரும்புக் குளிசையை விடாமல் போடு, பனியிலை குதி உயர்ந்த சப்பாத்துப் போடாதை. பெரியப்பாவுக்கு ஒரு வாழ்த்துமடல் போடு, சங்கத்தைப் பற்றி ஒரு சொல் வேண்டாம், சுகம் மட்டும் கேள். இருபத்தாறாம் திகதி கோசலைக்காக அங்கை ஒரு மெழுகுதிரி கொழுத்து. நானும் கூடப் போறன், எனக்குப் பிரெஞ்சு வராது எண்டாலும் அவளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருக்க அது தேவையில்லை. ஆண்டவர் உன்னையும் உன்ரை வீட்டையும் பிறக்கப்போற பிள்ளையையும் ஆசீர்வதிச்சுக் காப்பாராக.

இப்படிக்கு
உன்னை நெஞ்சிலை வைச்சிருக்கும் அம்மா,
ம. இம்மாகுலேற்