முதுகில் தாள் ஒட்டாத விளக்கு

குயிஃபெனுக்கு, உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? ஷென்சென்னில் நான் சுகம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது எங்கள் விடுதிச் சமையல்காரர்.

ஊரில் நம் பன்றிக்கொட்டில் படியில் இருட்டில் நீ விழுந்தாய் என்று கேட்டதிலிருந்து, உனக்காக ஒரு எல்.இ.டி. விளக்கு செய்துவந்தேன். நான் பெருக்கும் மின்னணுச் சந்தையில் உதிரிபாகத்துக்குப் பஞ்சமா? அலுமினியத் தகட்டில் பசை தடவி விளக்கை ஒட்டினேன். புத்தாண்டு வருகிறதே என்று, தகட்டின் பின்னால் சீப்புப் பல் போலிருந்த இடுக்குகளை மூடி, அதிர்ஷ்ட எழுத்துப் போட்ட சிவப்புத் தாளையும் ஒட்டினேன். அரைமணியில் நாற்றமெடுத்து விளக்கு அணைந்தது. தொட்ட விரலில் சின்னக் கொப்புளம்; ஆறிவிட்டது.

அங்கே ஈயம் பற்றவைக்கும் கடைக்காரி ஃபாங் சிரித்தாள். "ஏன் பெரியவரே, மூக்க அடைச்சிட்டு மூச்சு விடுன்னா எப்படி விடும்? சூடு போறதே அந்த இடுக்கு வழியாத்தான்!"

"நல்லது வரட்டும்னுதாம்மா ஒட்டினேன்."

"நல்லது முன்வாசல்ல வரட்டும். பின்வாசல்ல காத்து வரட்டும்."

இரண்டாவது விளக்குக்கு மின்சாரத்தை அளவாக விடும் பெட்டியை அவளே பொருத்தினாள். நாலு மணி நேரம் எரியவிட்டுப் பார்த்தோம். அந்த விளக்குதான் இந்தப் பார்சலில் வருகிறது.

நனையாத இடத்தில் மாட்டு. உன் மிளகாய் ஊறுகாய் ஒரு குப்பி அனுப்பு, இரண்டானாலும் சாப்பிட்டுவிடுவேன். சிவப்புத் தாளைக் கதவில் ஒட்டு, விளக்கின் முதுகில் வேண்டாம். அங்கே தினமும் கை வைத்துப் பார். சுட்டால் அணைத்துவிடு. வெதுவெதுப்பாக இருந்தால், என் கை என்று நினைத்துக்கொண்டு படியிறங்கு.

பார்சல்காரர் அவசரப்படுத்துகிறார்.

வூ தேஷான்