அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவளுக்கு ஒரு நாற்காலி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவனைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், அந்த வரியில் கை நின்றுவிட்டது. நான் நலம். அப்பாவைப் பற்றிப் போனில் சொல்ல வழியில்லை, போனை எடுத்தாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைப் படிக்காதே, லீவு நாளில் சாப்பிட்டுவிட்டுப் படி.

அப்பாவுக்கு மறதி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண்ணாடியைத் தேடுகிற மறதி இல்லை கண்ணு, அடுப்படியில் நிற்கிற என்னைப் பஸ்ஸில் ஏறியவள் என்று நினைத்து எங்கே இறங்கணும் என்று கேட்கிற மறதி. டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருக்கிறார், ஆனால் இது திரும்புகிற வண்டி இல்லை, மெதுவாகப் போக வைக்கலாம், அவ்வளவுதான் என்றார். உனக்குத் தெரியாமல் மறைத்தது என் குற்றம். நீ போன் செய்கிற நாளெல்லாம் அவர் பேச வேண்டியதை அட்டையில் எழுதி முன்னால் பிடிப்பேன், அவர் படிப்பார். போன மாதம் "மாப்பிள்ளைக்குச் சளி தேவலையா என்று கேளுங்கள்" என்று, கடைசியில் இருந்த கேளுங்கள் என்பதையும் சேர்த்துச் சத்தமாகப் படித்துவிட்டார். அப்பாவுக்குக் குசும்பு குறையவே இல்லை என்று நீ சிரித்தாய். நானும் கூடவே சிரித்தேன்.

பெரிய வைத்தியம் இல்லை, ஆசைப்பட்ட இடம் ஏதாவது இருந்தால் கால் நடக்கும்போதே கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டரம்மா சொன்னதால் அந்தத் தீவுக்குப் போய்வந்தோம். எந்தத் தீவு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கண்டக்டராக இருந்த பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் விளம்பரப் படம் ஒட்டியிருந்ததே, நீ பத்து வயதில் அதை விரலால் தடவிப் பார்ப்பாய், ஒரு நாள் போகலாம் என்று அவர் வாக்குக் கொடுத்தார். சேர்த்த பணம் உன் கல்லூரிக்குப் போயிற்று. நீ அழவில்லை, அவர்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது போனது ஃபிரிட்ஜ் மாற்ற நீ அனுப்பிய பணத்தில். கோபித்துக்கொள்ளாதே, பழையது இன்னும் ஓடுகிறது, கொஞ்சம் சத்தம் போடுகிறது, நானும்தான் போடுகிறேன்.

பணக்காரர்கள் போகிற இடம் என்று பயந்தேன், ஆனால் எங்கும் சிக்கனத்துக்கு ஒரு பின்வாசல் இருக்கிறது. கூட்டம் வடிந்த மாதமாகப் பார்த்துப் போனோம். வேகப் படகு யானை விலை, காய்கறி மூட்டையும் மாவு மூட்டையும் ஏற்றுகிற மெதுவான படகில் காலுக்கு இடம் இருந்தது. கரையை ஒட்டிய ஓட்டல்களில் ஒரு ராத்திரி வாடகைக்கு நம் வீட்டு மாத வாடகையே சரியாகப் போய்விடும். மூன்று தெரு உள்ளே தள்ளி, ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற லாண்டரிக்கு மேலே ஒரு அறை கிடைத்தது. சோப்பு வாசனை, மெஷின் ஓடினால் கட்டில் நடுங்கும், அப்பாவுக்கு அது பஸ் மாதிரி இருந்ததோ என்னவோ நன்றாகத் தூங்கினார். லாண்டரிக்காரம்மா அடுப்பைக் கொடுத்தாள். முட்டை அவித்து, ரொட்டியும் பழமும் கட்டிக்கொண்டு காலையிலேயே கரைக்குப் போய்விடுவோம். கடலுக்குக் காசு இல்லை, மணலுக்கும் இல்லை, சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும்தான் வாடகை. மரத்தடியில் போர்வை விரித்து உட்கார்ந்தால் அவர்கள் பார்க்கிற கடலைத்தான் நாமும் பார்க்கிறோம். அப்பா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கண்ணை மூடி நன்றி சொன்னேன்.

மூன்றாம் நாள் நான் தண்ணீர் பிடித்து வருவதற்குள் அவர் எழுந்து போய் ஒரு சாய்வு நாற்காலியில் தன் துண்டை விரித்துவிட்டுப் பக்கத்தில் காவல் நின்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முப்பது வருஷமாக ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களோடு சண்டை போட்டவர், துண்டு போட்டால் சீட்டு உன் பேருக்குப் பட்டாவா என்று கேட்டவர். நாற்காலிக்காரர் வந்து வாடகை கேட்டார். அப்பா அவரிடம், "இது ஆள் வர்ற சீட்டு தம்பி, எம் பொண்ணு அடுத்த ஸ்டாப்புல ஏறுவா" என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், ஆள் இல்லாத நாற்காலிக்கு எதற்கு வாடகை, துண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தணிந்துதான் சொன்னார். என்னைப் பற்றி உனக்குத் தெரியும், தீப்பெட்டிக்கும் கணக்கு எழுதுகிறவள். ஒரு நாள் வாடகை எங்கள் மூன்று நாள் சாப்பாட்டுச் செலவு. எனக்கு வாயில் வந்தது, "ஆள் இருக்குப்பா, வர நேரமாகும்" என்பதுதான். கொடுத்துவிட்டேன். சாயங்காலம் வரைக்கும் நாங்கள் இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தோம், நாற்காலி காலியாகவே இருந்தது. அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் நோட்டில் உன் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறேன்.

திரும்பி வந்ததிலிருந்து தினமும் காலையில் அந்தத் துண்டை வாசல் அறை நாற்காலியில் விரிக்கிறார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தெரியாமல் உட்கார்ந்து, எழுப்பி விடப்பட்டார். யாருக்கு இடம் என்று கேட்டால் பொண்ணுக்கு என்பார், எனக்கும் அது ஒரு தைரியமாக இருந்தது. நேற்றும் கேட்டேன். ரொம்ப நேரம் துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு, "யாரோ வரணும்" என்றார்.

அடுத்த வருஷம் லீவு சேரும், வருகிறேன் என்று நீ சொன்னதற்கு நான் தலையாட்டியதும் தப்பு. அடுத்த வருஷம் வேண்டாம் அம்மாடி. உன் முகம் அவருக்குத் தெரியாமல் போனாலும் போகட்டும், இடம் பிடித்து வைத்திருப்பது மறந்துபோவதற்குள் வந்து ஒரு நாள் அதில் உட்கார்.

உன்னையும் மாப்பிள்ளையையும் கடவுள் கைவிடமாட்டார். குளிர் நாளில் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. வருகிற தேதியை மட்டும் சீக்கிரம் சொல். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டிவைப்பேன், அப்பா தினமும் காலையில் சத்தமாகப் படிப்பார்.

இப்படிக்கு,
உனக்கும் சேர்த்தே கும்பிடுகிற
உன் அம்மா