நகராத புள்ளி

மார்ச் 3

அன்புள்ள குண்டூசிக்கு,

நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருபத்துமூன்று வருடம் கழித்து இவனுக்கு என்ன திடீர்ப் பாசம் என்று நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சுளித்துக்கொள். கிழிக்காமல் படி.

பரணை ஒழித்தபோது என் தொலைநோக்கி அகப்பட்டது. மறுநாளே மொட்டைமாடியில் நிறுத்திவிட்டேன். பழையபடி காலை பத்து மணி. பழையபடி சூரியனின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழவைத்து, கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறிக்கிறேன். "இந்த வயசுல வெயில்ல நின்னு என்னத்த சாதிக்கப்போறீங்க?" என்கிறாள் வீட்டுக்காரி. நாள் முழுக்கக் கடையில் குனிந்து கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவன், அரைமணி நேரம் நிமிர்ந்து நின்றால் குற்றமா?

ஆறு நாள் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயும் வரைந்து அனுப்பினால் முன்போல மாற்றிக்கொள்ளலாம். மனமில்லாவிட்டால் விடு.

உன்
கடிகாரம்

மார்ச் 9

கடிகாரத்துக்கு,

கிழிக்கவில்லை. அச்சகத்தில் பிழை திருத்தியே பழகிய புத்தி, கடிதத்திலும் பிழைதான் தேடியது. ஒன்றுமில்லை. ஆச்சரியம்தான்.

வலது கண் போன பிறகு நான் தொலைநோக்கியைத் தொட்டதில்லை. உனக்குத் தெரியாததா? என்னை வரையச் சொல்ல உனக்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, உன் படங்களை வரிசையாகப் பரப்பினேன். சூரியன் சுழல்வதால் எல்லாப் புள்ளிகளும் தினம் கொஞ்சம் தள்ளிப்போகின்றன. நட்டநடுவில் நீ வைத்திருக்கிற ஒன்று மட்டும் ஆறு நாளும் அதே இடத்தில் நிற்கிறது. கண்வைக்கும் பக்கத்துக் கண்ணாடியில் தூசி இருக்கும். அதைத் திருகிப் பார். தூசியென்றால் கூடவே திரும்பும்.

குண்டூசி

மார்ச் 14

அன்புள்ள குண்டூசி,

திருகினேன். திரும்பவில்லை. எல்லாக் கண்ணாடியையும் கழற்றித் துடைத்தேன். போகவில்லை.

நேற்று கடையில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு ஒரு கடிகாரத்தைப் பிரித்தேன். சக்கரங்களுக்கு நடுவே அந்தப் புள்ளி இருந்தது. சுவரைப் பார்த்தேன், சுவரிலும் இருந்தது. வீட்டுக்கு வந்தால் அவள் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வலது கண்ணில் மட்டும்தான். கண் டாக்டர், "உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லையே" என்றார். சத்தியமாக நான் சூரியனை நேராகப் பார்க்கவில்லையடா. படத்தில் புள்ளியாகத்தான் வைத்தேன், ஆனால் அதற்கு ஒரு வடிவம் இருக்கிறது.

இந்தக் கண்ணால்தான் எனக்குச் சோறு. பயமாக இருக்கிறது.

கடிகாரம்

மார்ச் 18

டேய்,

வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே. நம் பழைய முறைப்படி செய்வோம். இருபத்திரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு நீ அதை வரை. என் செத்துப்போன கண்ணில் இத்தனை வருடமாக ஒன்று நிற்கிறது, அதை நான் வரைகிறேன். உள்ளங்கை அளவுக் காகிதம். ஒருவர் படத்தை மற்றவர் பார்ப்பதற்கு முன்பே இரண்டும் தபால்பெட்டிக்குள் போயிருக்க வேண்டும்.

குண்டூசி

மார்ச் 27

அன்புள்ள குண்டூசி,

நான் அனுப்பியது உனக்கும் கிடைத்திருக்கும். என்னிடம் இருந்த நகலையும் உன் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசமில்லை. இடது ஓரத்தில் கீழே வளைகிற சின்ன வால் வரைக்கும் ஒன்று. 

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. உன் கண் போன அன்றைக்கு நீ என் மாடிக்கு வந்திருந்தாய். சூரியனைத் தேடிப்பிடிக்கிற சின்னக் குழலுக்கு எப்போதும் மூடி போட்டிருப்போம். துடைப்பதற்காக அதைக் கழற்றியவன் நான். மாட்ட மறந்தவனும் நான். தாளைச் சரிசெய்ய நீ குனிந்தபோது உன் கண் அதற்கு நேராக வந்துவிட்டது. நீதான் மூடியை மறந்தாய் என்று எல்லோரும் சொன்னார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. உன் வீட்டுப் பக்கம் வராததற்கும் அதுதான் காரணம். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

கடிகாரம்

ஏப்ரல் 2

கடிகாரம்,

எனக்குத் தெரியும். நீ என்னைத் தாங்கிப் பிடித்தபோது உன் சட்டைப்பையில் அந்த மூடி துருத்திக்கொண்டிருந்தது. இடது கண்ணால் நன்றாகவே பார்த்தேன். நீயாக வந்து சொல்வாய் என்று இருந்தேன். நீ வரவேயில்லை.

நானும் ஒன்றை மறைத்தேன். தினமும் பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "அவனுக்கும் இது வரட்டும்" என்று வாய்விட்டுச் சொல்வேன். ஒருநாள் தவறியதில்லை. உன் தங்கச்சி நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ மறுபடி வரையத் தொடங்கிய வாரத்திலிருந்து என் கண்ணில் அது சுருங்கிக்கொண்டே வருகிறது. முதலில் நம்பவில்லை. நேற்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கப் பிழை திருத்தினேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள். எனக்கோ உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

எனக்கு இந்தக் கண் வேண்டாமடா. இப்போது பத்து மணிக்கு உட்கார்ந்து, "போதும், என்கிட்டயே வந்துடு" என்று கெஞ்சுகிறேன். அது கேட்கிற மாதிரி தெரியவில்லை. நீ வரைவதை நிறுத்து. தொலைநோக்கியை உடைத்துப் போடு. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

குண்டூசி

ஏப்ரல் 8

என் குண்டூசிக்கு,

நீ சொன்னது உண்மைதான். ஒருநாள் மழை, வரையவில்லை. அன்றைக்கு அது வளரவில்லை. வரைந்த நாளெல்லாம் வளர்கிறது. இப்போது தாளில் சூரியன் விழுந்தாலும் வலது கண்ணுக்கு ஓரம் மட்டும்தான் மிச்சம்.

கடையை என்னோடு வேலை பார்த்தவனிடம் ஒப்படைத்துவிட்டேன். வீட்டுக்காரியிடம் எனக்குக் கண்புரை என்று சொல்லியிருக்கிறேன். நீயும் தங்கச்சியிடம் அப்படியே சொல். நீ இங்கே புறப்பட்டு வராதே. வந்தால் இவளிடம் உளறிவிடுவாய், உனக்குப் பொய் சொல்ல வராது.

நாளைக்குப் பத்து மணிக்கு மேலே போனால் ஓரமும் போய்விடும் என்று தோன்றுகிறது. போகத்தான் போகிறேன். என்னைத் திட்டு, பரவாயில்லை. என்னைச் சபித்ததற்காக நீ குமைந்துகொண்டிருக்காதே, கேட்டதில் தப்பே இல்லை. நேற்று ராத்திரி நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். எத்தனை வருடம் ஆயிற்று!

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு இந்த வரியைப் படி. படிக்க முடிந்ததா? அப்படியானால் பதில் போடாதே.

உன்
கடிகாரம்