கலையாத கொண்டை

ஆகஸ்ட் 30, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். ஃபேன் காற்றே அனல். இன்று வேலை:

சாரம் ஏரியாப் பெண், சடை அலங்காரம் – கா. 6.30
காயத்ரி டீச்சர், கொண்டை – 8.00
எங்கள் தெரு மதாமுக்குத் தலை டை – மாலை
பாபி பின் வாங்க வேண்டும், தீரப்போகிறது

காயத்ரிக்குத் தம்பி பிரபுவின் நிச்சயதார்த்தம். லாஸ்பேட்டையில் மண்டபம். நல்ல அடர்த்தி முடி. பின்பக்கம் கோதி உயர்த்தி, சைடில் சுருள் விட்டு, ஸ்பிரே அடித்து, பின்களைக் குத்தி முடிக்க முக்கால் மணி நேரம். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இருபத்தொன்பது வயதில் முதல் தடவையாம் கொண்டை.

8.45க்குக் கிளம்பினாள்.

மாலை 4 மணி. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குப் பிரபு போன். "சுமதிக்கா, எங்க அக்கா கெளம்பிட்டாளா? இன்னும் வரல." அப்பவே போயிடுச்சே என்றேன். பக்கத்துக் கடையில் பூ வாங்குகிறாளோ என்று நினைத்தேன்.

மதியம் திரும்பவும் பிரபு போன். வழியில் பெட்ரோல் பங்குக்கு முன்னால் நாய் குறுக்கே வந்திருக்கிறது. ஸ்கூட்டியோடு சாய்ந்து, நடு ரோட்டுச் சுவர் விளிம்பில் தலை. டீக்கடைக்காரர் பார்த்தாராம். மெதுவாகத்தான் வந்தாள் என்கிறாராம். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆபரேஷன்.

அவளுடைய ஹெல்மெட் இங்கே இருக்கிறது. என் பார்லரில், வாஷ்பேசினுக்குக் கீழே.

ஆகஸ்ட் 31, திங்கள்

கடை திறக்கவில்லை. மேகமூட்டம், மழை இல்லை.

நேற்று வாசலில் வண்டியை எடுக்கும்போது காயத்ரி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, இதப் போட்டா எல்லாம் படிஞ்சிடுமா?"

"படியாம பின்ன? முக்கா மணி நேர வேல அவ்ளோதான். பத்து நிமிஷம் போறதுக்கு எதுக்கு? இங்க வெச்சிட்டுப் போ, நாளைக்கு வாங்கிக்க."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அப்புறம் கொடுத்தாள். நான்தான் கை நீட்டி வாங்கினேன்.

இவள் ஹெல்மெட் போடாமல் தெருமுனைக்குக்கூடப் போகிறவள் இல்லை. என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போவதைப் பார்த்து, "அண்ணே, கண்ணாடிக்கா மூள இருக்கு?" என்று கேட்டவள். பள்ளிக்கூடத்துக்கு ஹெல்மெட் இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிவரும் அப்பாக்களை வாசலிலேயே நிறுத்தித் திட்டுவாளாம்.

செப்டம்பர் 1, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. நீ இன்னா புடிச்சித் தள்ளியா வுட்ட? அவ படிச்சவ, அவளுக்குத் தெரியாதா? போலீஸ், அது இதுன்னு வரும். அப்புறம் இந்தத் தெருவுல எவ உன் கடைக்கு வருவா?"

ஹெல்மெட்டைப் பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். இவர் வேலைக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். உள்ளே தேங்காய் எண்ணெய் வாசனை. பஞ்சு ஓரத்தில் நீளமாக ஒரு முடி. திரும்ப ஏறி வைத்துவிட்டேன்.

செப். 3, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மழைத் தூறல். பஸ்ஸில் நின்றுகொண்டே.

ஐ.சி.யூ. வெளியே காயத்ரியின் அம்மா ராணியம்மா, ஒயர் கூடையோடு தரையில். வீட்டுக்காரர் போனபிறகு தனியாளாக இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவங்க. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாங்க.

"டாக்டர் சொல்றாரும்மா. ஹெல்மெட் இருந்திருந்தா உள்ளங்கைக்கு மருந்து போட்டு அன்னிக்கே அனுப்பியிருப்போம்னு. மத்தபடி ஒடம்புல ஒரு காயம் இல்ல. கை மட்டும் தோல் உரிஞ்சிருக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

"கொண்ட கலைஞ்சிடுமேன்னு கழட்டி எங்கியோ கடாசிட்டுப் போயிருக்கா பாரு. ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ. இவளுக்கு ஒருநாள் அழகு கேக்குது." பிறகு மெதுவாக, "ஆபரேஷனுக்கு ஒரு பக்கம் மொட்ட அடிக்கறப்ப நர்சம்மா பின்ன எடுத்துக்கினே இருந்துச்சாம். அவ்ளோ ரத்தத்துலயும் கொண்ட கலையவே இல்லியாம்."

கூடையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே பின்கள். "உன்னுதுதான, எடுத்துக்க."

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன சொல்வது.

இருபத்து மூன்று. பஸ்ஸில் எண்ணினேன், ஏன் என்று தெரியாது.

செப். 6, ஞாயிறு

கடை திறந்தாயிற்று. இரண்டு ஐப்ரோ, ஒரு ஃபேஷியல், மதாமுக்குப் போன வாரம் விட்டுப்போன டை. மதாம் வீட்டுக்காரர் பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்தவர், சிப்பாய் என்பதற்குப் பிரெஞ்சில் சொல்தா; சொல்தா வீடு என்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும். டை ஊறும்வரை பேரனைப் பற்றியே பேச்சு.

"அங்க பிரான்ஸ்ல இருக்கறப்ப ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸ், எல்லாம் மாட்டிக்கினுதான் பைக்க எடுப்பான். இங்க லீவுக்கு வந்தா பனியனோட பீச் ரோட்டுல சுத்தறான். ஏன்டான்னா, இங்க யாரு கேக்கறான்றான்."

சிரிக்க முயன்றேன். மதாமின் இடது காதுக்கு மேலே டை தடவும்போது கை நின்றுவிட்டது. அந்த இடம்தான். காயத்ரிக்கு மண்டை ஓட்டைத் திறந்த இடம். யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் கண்ணாடியில் அந்த இடம்தான் தெரிகிறது.

"இன்னாடி, ஒடம்பு சரியில்லியா?"

"வெயிலுங்க மதாம்."

செப். 9, புதன்

காயத்ரி கண் திறந்துவிட்டாள் என்று பிரபு போன். யாரையும் தெரியவில்லை. நிச்சயதார்த்தம் தள்ளிப்போனதில் பெண் வீட்டுக்கு வருத்தமாம். பேச்சோடு பேச்சாக, "அவ பண்ண வேலையால எல்லாம் நின்னுது" என்றான்.

மளிகைக் கடையில் இரண்டு பேர். "டீச்சருக்குத் திமிரு. மத்தவங்களுக்குத்தான் உபதேசம்." நான் துவரம்பருப்பு கேட்க வந்தவள், கேட்காமலே திரும்பிவிட்டேன்.

படுத்திருக்கிறவள்மேல் எல்லாப் பழியும். வாய் திறந்து சொல்ல அவளால் முடியாது. முடிந்தவள் நான் ஒருத்தி.

செப். 12, சனி

போய்ச் சொல்லிவிட்டேன்.

இவர் ஷிப்டுக்குப் போனதும் பரணிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து, துணிப்பையில் போட்டு, கதிர்காமம் பஸ். இப்போது வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். காயத்ரி தூக்கம். தலையில் கட்டு, முகம் வீங்கி. ராணியம்மாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். பையைத் திறந்து காட்டினேன்.

"எங்கிருந்து கெடச்சுது?"

"என் கடையிலதாம்மா இருந்துச்சு. அவ போடத்தான் பாத்தா. படிஞ்சிடுமான்னு கேட்டா. நான்தான் வேணாம், வெச்சிட்டுப் போன்னு சொன்னேன். நானே கையில வாங்கி வெச்சேன்."

அடிப்பாங்க என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாங்க.

"பதினாலு நாளு. பதினாலு நாளா அவளத் திட்டிக்கினு இருக்கேன். ஐ.சி.யூ.க்குள்ள வுடுவாங்க இல்ல, அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷமும் காதுகிட்ட குனிஞ்சி, ஏன்டி இப்பிடிப் பண்ண, உன் அழகுல தீய வெக்கன்னு. கண்ணு தெறக்காம கெடந்த புள்ள காதுல." மூச்சு வாங்கினாங்க. "அன்னிக்கே நீ சொல்லியிருக்கலாம் இல்ல?"

காலித் துணிப்பையை மடித்துக்கொண்டு நின்றேன்.

"போயிடு. கண்ணு முன்னால நிக்காத."

பஸ் ஸ்டாப் வரை நடந்தது நினைவில்லை. இவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

செப். 14, திங்கள்

சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன், உப்புப் போட மறந்துவிட்டது.

போலீஸ் வரவில்லை. பிரபுவும் வரவில்லை. யாராவது வந்து கத்தினால் தேவலை.

செப். 18, வெள்ளி

கல்யாணப் பெண் ஒருத்தி, ரிசப்ஷனுக்கு ட்ரயல் பார்க்க வந்தாள். தங்கை வண்டி ஓட்ட, இவள் பின்னால். கொண்டை வேண்டும் என்றாள். போட்டுவிடுகிறேன், ஆட்டோவில் போவதானால் போடுகிறேன், வண்டியில் என்றால் தழையப் பின்னி விடுகிறேன், மேலே ஹெல்மெட் போட்டுக்கொள், பின்னால் உட்கார்ந்தாலும் போடு என்றேன்.

"இன்னா ஆன்ட்டி, கண்டிஷன்லாம் போடறீங்க?" வேறு பார்லருக்குப் போய்விட்டார்கள். இரண்டு தலையும் வெறுந்தலை. தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். திரும்பிய பிறகும் காது கொடுத்துக்கொண்டு நின்றேன்.

செப். 25, வெள்ளி

நல்ல மழை நேற்று. தெருவெல்லாம் சேறு.

காலையில் பிரபு. "சுமதிக்கா, அக்காவ வூட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். ஒரு பக்கம் மொட்ட, ஒரு பக்கம் முடி சிக்கு புடிச்சிக் கெடக்கு. யாரையும் தொட வுட மாட்டேங்கறா. உங்களத்தான் கேக்கறா." அப்புறம் கொஞ்சம் இறங்கிய குரலில், "அம்மா வரச் சொன்னாங்க."

மிஷின், கத்தரி, வெள்ளைத் துணி எடுத்துக்கொண்டு போனேன். ராணியம்மா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாங்க, முகம் கொடுக்கவில்லை.

காயத்ரி நாற்காலியில். மெலிந்து பாதியாக. பேச்சு வருகிறது, ஒவ்வொரு வார்த்தையாக. சிக்கெல்லாம் வெட்டி, மிஷின் வைத்து ஒரே மட்டமாக எடுத்தேன். தையல் தழும்பைச் சுற்றி மட்டும் கத்தரியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு. முடிக்கும்போது கேட்டாள்.

"அக்கா. நான் ஏன் ஹெல்மெட் போடல? நான் போடாம போக மாட்டேனே."

ராணியம்மா சொல்லியிருக்கவில்லை. வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாங்க.

முன்னால் வந்து உட்கார்ந்து சொன்னேன். அன்று வராந்தாவில் சொன்ன அதே வார்த்தை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் மட்டும். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிட்டேன். நாள் பூராவும்.

செப். 26, சனி

ராணியம்மாவே போன். "திரும்பக் கேக்கறா. நேத்து நீ வந்ததே நெனப்பு இல்ல. முடிய யாரு வெட்டுனதுன்றா. டாக்டர் கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான், நெனப்புல எதுவும் நிக்காதுன்னாரு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா, சும்மா திட்டறேன்னு நெனக்கறா. நீயே வந்து சொல்லு."

"போன்ல சொல்லட்டுமா?"

"நேர்ல வந்து சொல்லு."

போனேன். "அக்கா, நான் ஏன் ஹெல்மெட் போடல?" சொன்னேன். இன்று அழவில்லை. கையிலிருந்த டம்ளரை என்மேல் விட்டெறிந்தாள். நெற்றியில் படவில்லை, சுவரில் பட்டது.

செப். 28, திங்கள்

மூன்றாவது தடவை. கேட்டதும் சிரித்தாள். "நெசமாவா? நானா? கொண்டைக்காகவா?" சிரிப்பு நிற்கவே இல்லை. டம்ளர் தேவலை.

செப். 30, புதன்

நாலாவது. பாதி சொல்லும்போதே தூங்கிவிட்டாள். மீதியை ராணியம்மா பார்க்க, தூங்குகிறவளிடம் சொல்லி முடித்தேன். வரும்போது ராணியம்மா ஒரு வாய் காப்பி கொடுத்தாங்க.

காலையில் இவர் கேட்டார்: "இன்னும் எத்தினி நாளு போவ?" அவள் கேட்கிறவரை என்றேன். பார்த்துக்கொண்டிருந்தேன், ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, வார் இழுத்துப் பூட்டிக்கொண்டுதான் கிளம்பினார்.

அக். 3, சனி

வெயில். காலை பத்து மணி. ராணியம்மா கூப்பிடவில்லை, நானாகப் போனேன்.

காயத்ரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. என் கையையே பார்த்தாள். நானாக ஆரம்பித்தேன், "அன்னிக்கு நீ கெளம்பறப்ப..."

"சொல்ல வேணாம்," என்றாள். "தெரியும். நீங்க சொன்னீங்க. நான் கேட்டேன்."

அடுப்படியிலிருந்து ராணியம்மா ஓடி வந்தாங்க. "நெனப்பு வந்துடுச்சா? எப்ப சொன்னாங்கடி, சொல்லு."

"புதன்கெழம. அதுக்கு முன்னாலயும்."

ராணியம்மாவுக்குத் தாங்கவில்லை. பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாங்க, சிரித்தாங்க, பிரபுவுக்கு போன் போட்டாங்க. போகிற போக்கில் என் தோளையும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாங்க.

காயத்ரி மட்டும் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதல் தடவையாக, நான் செய்ததை மறக்காமல், தெரிந்துகொண்டு பார்க்கிறாள்.