படங்குக் கயிற்றில் ஒரு சாண்

இன்று காலை கொழுந்து பறிக்க மலைக்குப் போவதற்காக, சேலை நனையாமல் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கட்டியபோது, கயிறு ஒரு சாண் மிச்சமாகத் தொங்கியது. நியாயமாகப் பார்த்தால் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நானோ கயிற்றை அவிழ்த்து இன்னொரு தரம் கட்டிப் பார்த்தேன், அப்போதும் அதே ஒரு சாண். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும், கூடவே கொழுந்து பறித்த நீயோ இன்று உயிரோடு இல்லை.

பிரஷர் இருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று கிளினிக் நர்ஸ் மிஸ் நம் இருவருக்கும் ஒரே நாளில்தான் சொன்னார். வாயால் போவதும் வேர்வையில் போவதும் சமமாக இருந்தால் எடை அப்படியே நிற்கும், குறைய வேண்டுமென்றால் வாயால் போவது கம்மியாக வேண்டும் என்று கலோரிக் கணக்கை விளக்கினார். நீ விட்டாயா? "மலை ஏறி எறங்குறோம் மிஸ், வேர்வைக்கு எங்ககிட்ட என்னா கொறச்சல்?" என்றாய். மிஸ்ஸே சிரித்துவிட்டார். ரொட்டியில் தேங்காயைக் குறைக்கச் சொன்னார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பால் கலக்காத சாயத்தண்ணி குடிப்பதையும் விடச் சொன்னார். சீனி இல்லாவிட்டால் அது தேத்தண்ணியா கசாயமா என்று பலாங்கொடையிலிருந்து தோட்டம் வரை பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தாய்.

கொழுந்து நிறுக்கும் தராசில் நாம் ஏறி நின்றதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பதற்குள், "கொழுந்துல சாக்குக்குக் கழிக்கிறீங்க, ஈரத்துக்குக் கழிக்கிறீங்க, எங்க படங்குக்கும் கழிச்சிட்டுச் சொல்லுங்கய்யா!" என்று கத்தினாய். மனுஷனும் தாராளமாகக் கழித்தார். அதன்பிறகு மாதாமாதம் ஏறினோம். என் எடை அசையவில்லை. உன் எடை இறங்கிக்கொண்டே போனது. லயத்து வீடுகளெல்லாம் உன்னைப் புகழ்ந்தன. கல்யாணப் பொண்ணு மாதிரி ஆகிவிட்டாய் என்றார்கள்.

"எப்படிடி?" என்று நான் கேட்காத நாளில்லை. "வழக்கம் போலத்தான்டி திங்கிறேன். ஒன்னும் பண்ணலயே" என்றாய். எதையோ மறைக்கிறாய் என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். நீ உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாய். உள்ளே நோய் உன்னைத் தின்றுகொண்டிருந்தது. உனக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. தெரியவந்தபோது நீ படுக்கையில் இருந்தாய்.

இப்போது நான் குறைகிறேன். இரண்டு ரொட்டியை ஒன்றாக்கினேன், சீனியை விட்டேன். அதனால்தான் குறைகிறேனா, இல்லை உனக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறதா? ரத்தம் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். உனக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். எதை நம்புவதென்று புரியவில்லை. "மெலிஞ்சிட்டீங்க, நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் எழுந்து ஓடலாம் போலிருக்கிறது.

அதனால் இன்று பத்து மணித் தேத்தண்ணிக்கு இரண்டு ரொட்டி தின்றேன், தேங்காயை அள்ளிப் போட்டுச் சுட்டது. உள்ளங்கையில் சீனியும் வைத்துக்கொண்டேன். கிளினிக் நாள் வரை இப்படியே தின்னப்போகிறேன். தின்றால் ஏறுகிற உடம்பென்றால் அது என் பழைய உடம்புதான் என்று ஒரு தைரியம். இது புத்தியா பைத்தியமா, தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்தால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

வியாழக்கிழமை கிளினிக் தராசில் ஏறும்போது "படங்குக்கும் கழிங்க" என்ற உன் குரல் எனக்குக் கேட்கும், எப்போதும் கேட்பதுதான். எடை ஏறியிருந்தால் மிஸ் என்னைக் கண்டபடி ஏசுவார். அந்த ஏச்சை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் சிரித்தபடி வருவேன். இறங்கியிருந்தால் பாராட்டுவார். அந்தப் பாராட்டுதான் எனக்குப் பயம். உன்னை ஒருத்தரும் ஏசவில்லையே, அடியே. எல்லாரும் சேர்ந்து கைதட்டினோமே.