தங்க ஹெல்மெட் யார் தலையில்

பிப்ரவரி 12, புதன்

இன்றைய ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் நான் அடித்த கோலை யாக்கோவின் பேரில் எழுதிவிட்டார்கள். தூரத்து நீலக்கோட்டிலிருந்து நான் அடித்த வட்டு யார் மட்டையிலும் படாமல் நேரே வலைக்குள் போனது. கோல் முன்னால் நின்றிருந்த யாக்கோ கையைத் தூக்கினான், அவ்வளவுதான். ஆனால் அவன் தலையில் தங்க ஹெல்மெட். அணியில் அதிகப் புள்ளி எடுத்தவன் போட்டுக்கொள்வது. ஸ்கோர் மேசையில் இருந்த ராய்லியின் கண்ணில் அது மட்டும் பட்டிருக்கிறது.

எனக்குப் போட்டது 'உதவி', வட்டைத் தள்ளிக் கொடுத்தவன் என்று. அதற்கும் ஒரு புள்ளிதான். ஆக இருவருக்கும் 41. சமமானால் கோல் அதிகம் உள்ளவனுக்கு ஹெல்மெட் — அது அவன். ஒழுங்காக எழுதியிருந்தால் எனக்கு 41, அவனுக்கு 40! லாட்வியாவை விட்டு வந்து பதினெட்டு வருடம், ஐந்து நாடு, கடைசியாக இந்தப் பின்லாந்து. அந்த ஹெல்மெட் ஒரு நாள்கூட என் தலையில் ஏறியதில்லை. ஏப்ரலோடு ஆட்டத்தை விடுகிறேன். இனி எப்போது?

ஆட்டம் முடிந்து சானா நீராவி அறையில் யாக்கோ சொன்னான்: “பெரிசு, ஒன் வயசுக்குக் கம்பளிக் குல்லாதான் சரி.” எல்லோரும் சிரித்தார்கள். நான் சுடுகல்லில் நான்கு கரண்டித் தண்ணீர் ஊற்றினேன். சூடு தாங்காமல் முதலில் எழுந்து ஓடியது அவன்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

பட்டாணி சூப்பை அப்படியே வைத்துவிட்டு, ராய்லி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போனேன். நம்பர் சீட்டு எடுத்து வரிசையில் உட்கார்ந்தேன்.

“என்ன மருந்து வேணும், வால்டிஸ்?”

“மருந்து வேணாம். புகார் இருக்கு.”

“அதுக்கு மாத்திர இல்லியே!”

விதிப்புத்தகத்தை விரித்து அவள் முன்னால் வைத்தேன். பின்னிஷ் மொழியையே அதைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன்; வாத்தியார் யாரும் கிடையாது. கடை மூடியதும் வீடியோ பார்ப்பதாகச் சொன்னாள். மூடும்வரை வாசலிலேயே நின்றேன். மைனஸ் பத்தொன்பது. குளிரட்டுமே, எனக்கென்ன!

பிப்ரவரி 14, வெள்ளி

திருத்திவிட்டாள்! 41–40!

பிப்ரவரி 15, சனி

போட்டேன். நாற்பத்து மூன்று வயதில்! கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

எதிரணிக்காரர்கள் தேடித் தேடி இடித்தார்கள். தங்கம் போட்டவனை இடிப்பதுதானே வழக்கம். இடிங்கடா! இன்னும் இடிங்க! விலாவெல்லாம் வலி — என்ன சுகம்! 3–2, ஜெயித்தோம். கடைசிக் கோல் என் பேரில். அரங்கமே “வால்டிஸ், வால்டிஸ்” என்று கத்தியது. 42 புள்ளி!

வட்டு என் மட்டையில் பட்டதா? பட்ட மாதிரிதான் இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீடியோவைப் பதினொரு தடவை பார்த்தேன். படவில்லை. யாக்கோ தள்ளிக் கொடுத்தான், மிஸ்கா அடித்தான். நான் கோல்கீப்பரை மறைத்துக்கொண்டு சும்மா நின்றேன். தங்கம் மின்னியது, ராய்லி எழுதிவிட்டாள்.

மிஸ்கா போன மாதம்தான் அணிக்கு வந்தவன். போன் செய்தேன்.

“தெரியும். பரவால்ல, நீங்களே வச்சுக்குங்க பெரியவரே.”

“யாருக்குடா வேணும் ஒன் தானம்? ஒன்னோட மொதல் கோல்டா அது! மடையா, வாயத் தொறந்து கேக்க மாட்ட?”

கத்தினதில் விலா இன்னும் வலிக்கிறது. தள்ளிக் கொடுத்த யாக்கோவுக்கு ஏற்கெனவே ஒரு புள்ளி ஏறிவிட்டது; திருத்தினால் 41–41. கோல் இன்னும் யாக்கோவுக்குத்தான் அதிகம். தெரியும். தெரிந்துதான் கேட்கப் போகிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ராய்லி: சனிக்கிழமைக் கோலை மிஸ்கா பேருக்கு மாற்ற வேண்டும். இனி தலையைப் பார்க்காமல் மட்டையைப் பார்த்து எழுத வேண்டும். இன்றைக்கும் சீட்டு எடுத்து உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தேன்.

சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் தாப்பியோ: அந்த வட்டு எந்த வாளியில் கிடந்தாலும் தேடி எடுத்து மிஸ்காவிடம் கொடுக்க வேண்டும். முதல் கோலின் வட்டு அடித்தவனுக்குத்தான் சேரும்.

யாக்கோ: ஹெல்மெட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். வாரை என் தாடைக்கு இறுக்கியிருக்கிறேன். அவனே தளர்த்திக்கொள்ளட்டும்.

நான்: யாக்கோ எப்படியும் ஒரு புள்ளி எடுப்பான்; புதன்கிழமை ஆட்டத்தில் இரண்டு எடுக்க வேண்டும்.