தூக்காத கூடை

ஆடி 6, செவ்வாய்.

எரிச்சல் அடங்கவே இல்லை. ஊராட்சியில் குப்பை அள்ளும் ஆண்களுக்கு ஒரு சம்பளம், அதே குப்பையை அள்ளும் எங்களுக்கு அதைவிடக் குறைவு. ஒரே சம்பளம் வேண்டும் என்று ஆறு பெண்கள் சேர்ந்து மனு கொடுத்திருந்தோம். வேலையும் ஒன்றுதானா என்று நேரில் பார்க்கத் தென்காசியிலிருந்து இன்று ஒரு அதிகாரியம்மா வந்தார்.

பெரிய இடத்து ஆள் வருகிறாரே என்று தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மற்ற ஐந்து பேரும் தலை நிறையப் பூ. அங்கேதான் சனி பிடித்தது.

குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் எங்கள் ஊர்ச் சாலையோரம் வீசும் ஈரத்துணி கல்லாகக் கனக்கும். தினமும் அந்தத் துணி நிறைந்த கூடையை நான்தான் தூக்கிக் குப்பை வண்டியில் கொட்டுவேன். கூட வேலை பார்க்கும் மாடசாமி அண்ணன் வண்டியில் சாய்ந்து பீடி குடிப்பார். இன்று அவரே ஓடிவந்து கூடையைப் பிடுங்கினார்.

“நீ தள்ளி நில்லு தாயி, சேல அழுக்காயிரும். அம்மா பாத்துக்கிட்டு இருக்காவ.”

நானும் இளித்துக்கொண்டு கொடுத்துத் தொலைத்தேன்.

“கனமானதெல்லாம் ஆண்கள்தானே தூக்குறாங்க?” என்று சொல்லிக்கொண்டே அதிகாரியம்மா எழுதிக்கொண்டார்.

“இல்லம்மா, தெனமும் நான்தான் தூக்குதேன்” என்றேன். என் சேலையை ஒருமுறை பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

“ஒத்தாச பண்ணுனது ஒரு குத்தமா?” என்று அண்ணன் என்னிடமே கேட்கிறார்.

தைலம் தேய்த்தும் வலது தோள் வலி விடவில்லை. இன்று நான் ஒரு கூடைகூடத் தூக்கவில்லை. இது நேற்றைய வலி.